மூன்றாவது கட்சி பிரிட்டனில் எழுமா? கணிக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

2025 மே உள்ளாட்சித் தேர்தலில், லேபர், கன்சர்வேட்டிவ் என்ற இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வெளியே நிற்கும் ரிஃபார்ம் யூகே கட்சி 677 இடங்களை வென்று 10 உள்ளாட்சி மன்றங்களைக் கைப்பற்றியது. அன்றிலிருந்து பிரிட்டன் அரசியலைப் பற்றித் தமிழில் எழுதுபவர்களும் யூடியூபில் பேசுபவர்களும் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். லண்டனில் தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டுக் கதவு தட்டுவதும் மற்ற நாட்களில் அதைப் பற்றி எழுதுவதும் என் வழக்கம் என்பதால், இளையவர்கள் சிலர் வெளியிடும் முன் தங்கள் கட்டுரையை எனக்கு அனுப்புகிறார்கள். எங்கள் தலைமுறை எழுதி வாங்கிக் கட்டிக்கொண்ட அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில் வருகின்றன.

ஒரே ஒரு கருத்துக்கணிப்பை நம்பக் கூடாது, சமூக ஊடகச் சத்தத்தை நாடு என்று நினைக்கக் கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்கிறவருக்கு இந்தக் கட்டுரை உதவாது.

சதவீதத்தை இடங்களாக வகுத்துப் போடுவது

ஒரு தமிழ் இணையத் தொலைக்காட்சி விவாதத்தில் பக்கத்தில் இருந்த தம்பி, நேரலையிலேயே கைப்பேசியை எடுத்து, பிரிட்டன் நாடாளுமன்றத்தின் 650 இடங்களை நாலால் வகுத்தார். "25 சதவீதம் வாக்கு எடுத்தால் 162 இடம் அண்ணை" என்றார். "1983இல் ஒரு மூன்றாவது அணி 25 சதவீதம் எடுத்தது. கிடைத்தது 23 இடம்" என்றேன். நான் எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, "நூற்று இருபத்து மூன்றா?" என்று கேட்டார்.

இல்லை, வெறும் 23. அந்தத் தேர்தலில் லேபர் கட்சி 27.6 சதவீதம் வாங்கி 209 இடம் பெற்றது. லிபரல்களும் புதிதாகப் பிறந்த சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்த அணி 25.4 சதவீதம் வாங்கியது. இரண்டுக்கும் இடைவெளி இரண்டே புள்ளிதான். ஆனால் லேபருக்கு ஓர் எம்.பி.க்குச் சுமார் 40,000 வாக்கு போதுமாக இருந்தது. மூன்றாவது அணிக்கு 3,38,000 வாக்கு தேவைப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் இரண்டாவதாக வந்தார்கள். இரண்டாவதாக வருவதற்கு இங்கே ஒன்றும் கிடையாது.

இந்தத் தவறு நம்மிடையே அதிகம் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. லண்டன் தமிழர்களில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அங்கே 1989இலிருந்து நாடாளுமன்றத் தேர்தல் விகிதாசார முறையில் நடக்கிறது. மாவட்டத்தில் கால்வாசி வாக்கு என்றால், ஏறக்குறைய கால்வாசி இடம். அந்தக் கணக்கு மனதில் ஊறியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தொகுதியில் முதலில் வருபவரே வெற்றி என்ற முறையில் வாழ்ந்தவர்கள்தான். அவர்கள் வேறு இடத்தில் தவறுகிறார்கள், அதை அப்புறம் சொல்கிறேன்.

மூன்றாவது கட்சியின் வாக்கு எவ்வளவு என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நாடு முழுக்கச் சமமாகப் பெய்த தூறலில் ஒரு குளமும் நிரம்பாது. 2015ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேற வேண்டும் என்ற யூகிப் கட்சி 12.6 சதவீதம், 38 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வாங்கியது. கிடைத்தது கிளாக்டன் என்ற ஒரே தொகுதி. அதே தேர்தலில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி நாடு தழுவிய அளவில் 4.7 சதவீதம்தான் வாங்கியது. ஆனால் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56 அவர்களுக்குப் போனது. வாக்கில் மூன்றாவது கட்சி ஒன்று, இடத்தில் மூன்றாவது கட்சி இன்னொன்று. எதைச் சொல்கிறோம் என்று தெளிவுபடுத்தாமலே நம் கட்டுரைகள் பல தொடங்குகின்றன.

இன்னும் சுவையான உதாரணம், 1983 அணியின் இரண்டு கட்சிகளும் பின்னர் இணைந்து உருவான லிபரல் டெமாக்ரட் கட்சி. 1992இல் 17.8 சதவீதம், 20 இடம். 1997இல் வாக்கு 16.8 ஆகக் குறைந்தது. இடம் 46 ஆனது. 2019இல் 11 இடம். 2024இல் அப்போது வாங்கிய வாக்கைவிடக் குறைவான மொத்த வாக்கை வைத்துக்கொண்டு 72 இடம் பெற்றார்கள். கன்சர்வேட்டிவ் கட்சி வலுவிழந்திருந்த தெற்கு, தென்மேற்கு இங்கிலாந்துத் தொகுதிகளாகப் பொறுக்கி எடுத்து, ஆளையும் பணத்தையும் அங்கே இறக்கினார்கள். மற்ற இடங்களில் வேட்பாளர் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது, அவ்வளவுதான். அதே 2024இல் ரிஃபார்ம் யூகே 14.3 சதவீதம் வாங்கி 5 இடத்தோடு நின்றது. லிபரல் டெமாக்ரட்டைவிட சுமார் ஆறு லட்சம் வாக்கு கூடுதல். 67 இடம் குறைவு.

இதுவரை புரிந்துகொண்டவர்கள் அடுத்து எதிர்ப்பக்கம் சாய்வார்கள். "பரவலான வாக்கு உள்ள கட்சி எப்போதும் தோற்கும்" என்று எழுதுவார்கள். அதுவும் தவறு. இதே முறை ஒரு கட்டத்துக்கு மேல் அப்படியே புரளும். 1983இல் முதலில் வந்த கன்சர்வேட்டிவ் கட்சி 42.4 சதவீதத்தில் நின்றது. ஒரு தொகுதியை வெல்லச் சாதாரணமாக நாற்பதையொட்டி வாங்க வேண்டியிருந்தது. இப்போது வாக்கு ஐந்து கட்சிகளாகச் சிதறிக் கிடக்கிறது. 2024இல் தென்மேற்கு நார்ஃபோக்கில் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ்ஸைத் தோற்கடித்த லேபர் வேட்பாளர் வாங்கியது 26.7 சதவீதம்தான். நாட்டளவில் லேபர் 33.7 சதவீதத்தை வைத்துக்கொண்டு 650இல் 411 இடத்தை அள்ளியது. இருபதை ஒட்டி நிற்கும் பரவலான கட்சியை நசுக்குகிற முறை, மற்றவர்கள் பிரிந்து கிடக்கும்போது முப்பதை ஒட்டி வரும் கட்சிக்கு நாட்டையே தூக்கிக் கொடுத்துவிடும். 2025இல் ரிஃபார்ம் யூகே கருத்துக்கணிப்புகளில் முப்பதை ஒட்டி வந்தபோது பழைய ஆட்கள் சிரிக்காமல் உட்கார்ந்து கணக்குப் போட்டது அதனால்தான்.

இந்தத் தவறால் கட்டுரை மட்டும் கெட்டுப்போனால் பரவாயில்லை. லண்டன் புறநகர் ஒன்றில் ஒரு மூன்றாவது கட்சிக்காக நாங்கள் கதவு தட்டிய தேர்தல் ஒன்று. கட்சிப் பெயர் வேண்டாம். ஒரு தொகுதியில் பல வருட உழைப்பு இருந்தது. எந்தத் தெருவில் யார் நமக்குப் போடுவார், யார் தயங்குகிறார், யாருக்குத் தபால் வாக்கு என்பதெல்லாம் பட்டியலில் இருந்தது. பிரசாரத்தின் நடுவில் நாட்டளவிலான கருத்துக்கணிப்பு ஒன்று நமக்குச் சாதகமாக ஏறியது. ஒருங்கிணைப்பாளர் உற்சாகமாகிவிட்டார். "இந்த அலையில் இந்தத் தொகுதி தானாக வந்துவிடும், பக்கத்துத் தொகுதிகளையும் பிடிப்போம்" என்று பாதித் தொண்டர்களைப் பிரித்து அனுப்பினார். நல்ல மனிதர், அவருக்குக் காட்டப்பட்ட வரைபடம் அப்படி. நான் போய் நின்ற பக்கத்துத் தொகுதியில் கதவைத் திறந்த ஒரு அம்மா, "நீங்கள் இங்கேயும் நிற்கிறீர்களா?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். வாக்கு எண்ணிய இரவு பக்கத்துத் தொகுதிகளில் மூன்றாவது இடம். எங்கள் தொகுதியில் இரண்டாவது. இறுதி வாரத்தில் தயங்கியவர்கள் வீட்டுக்கு இரண்டாவது முறை போக ஆள் இருக்கவில்லை. நாட்டளவில் கட்சியின் சதவீதம் ஏறியிருந்தது உண்மைதான்.

ஆகவே எண்ணைப் பார்த்ததும் வகுக்காதீர்கள். முதலில் வரும் கட்சி எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் இந்தக் கட்சி எங்கெங்கே இரண்டாவதாக இருக்கிறது, யாருக்குப் பின்னால் இருக்கிறது என்று பாருங்கள். 2024இல் ரிஃபார்ம் யூகே 98 தொகுதிகளில் இரண்டாவதாக வந்தது. அதில் பெரும்பான்மை லேபர் வென்ற தொகுதிகள். இது முக்கியமான தகவல். ஆனால் இதற்கும் மயங்க வேண்டாம்: 2015இல் யூகிப் 120 தொகுதிகளில் இரண்டாவதாக வந்தது. இரண்டே வருடத்தில், 2017 தேர்தலில், அந்தக் கட்சி 1.8 சதவீதத்துக்கு விழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதற்கான பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிந்ததும் அதன் வேலை முடிந்துவிட்டது என்று வாக்காளர்கள் நினைத்தார்கள்.

இடைத்தேர்தலைப் பொதுத்தேர்தலின் முன்னோட்டமாக நினைப்பது

1981 நவம்பரில் கிராஸ்பி இடைத்தேர்தலில் ஷெர்லி வில்லியம்ஸ் வென்றார். அவர் உட்பட நான்கு முன்னாள் லேபர் அமைச்சர்கள் அந்த வருடம்தான் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியிருந்தார்கள். டிசம்பரில் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு ஒன்று லிபரல், சமூக ஜனநாயக அணிக்கு ஐம்பது சதவீதம் காட்டியது. அதற்கு முன் செப்டம்பரிலேயே லிபரல் தலைவர் டேவிட் ஸ்டீல் தன் கட்சி மாநாட்டில், தொகுதிகளுக்குத் திரும்பிப் போய் ஆட்சிக்குத் தயாராகுங்கள் என்று சொல்லிவிட்டார். அடுத்த பொதுத்தேர்தலில் கிராஸ்பியே கையை விட்டுப் போனது.

இடைத்தேர்தலில் வாக்காளர் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, அதன் முதுகில் ஒன்று வைக்கிறார். 2025 இடைத்தேர்தலில் ரங்கோர்ன்-ஹெல்ஸ்பி என்ற தொகுதியை ரிஃபார்ம் யூகே 6 வாக்கு வித்தியாசத்தில் லேபரிடமிருந்து பறித்தது. அந்த ஆறு வாக்கு இல்லாமல் போயிருந்தாலும் அந்தக் கட்சியின் பலம் அதேதான். ஆனால் தலைப்புகள் முழுக்க மாறியிருக்கும்.

ஐரோப்பியத் தேர்தலை ஆதாரம் காட்டுவது

ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கான தேர்தலில், 1989இல் பசுமைக் கட்சி சுமார் 15 சதவீதம். 2014இல் யூகிப் முதலிடம். 2019 மேயில் பிரெக்ஸிட் கட்சி முதலிடம். அதே டிசம்பரில் பொதுத்தேர்தலில் ஓர் இடமும் இல்லை.

அந்தத் தேர்தல் இப்போது இங்கே நடப்பதுமில்லை. விட்டுவிடுங்கள்.

எதிராகத் திரளும் வாக்கை மறப்பது

மூன்றாவது கட்சி வளர வளர அதற்கு ஆதரவு மட்டும் வளர்வதில்லை, பயமும் வளர்கிறது. 2025 அக்டோபரில் வேல்ஸ் நாடாளுமன்றத்துக்கான கேர்ஃபில்லி இடைத்தேர்தலில் இதைக் கண்ணால் பார்த்தோம். காலம் காலமாக லேபரின் கோட்டை. ரிஃபார்ம் யூகே 36 சதவீதம் வாங்கியது. வேறொரு நாளில் வெற்றிக்குப் போதுமான எண். ஆனால் லேபர் வாக்காளர்கள் கூட்டமாக வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். பிளைட் 47 சதவீதத்தோடு வென்றது. லேபர் 11க்கு இறங்கியது. மேலே சொன்ன சிதறல் கணக்கு, வாக்காளர்கள் தங்களுக்குள் பேசி வைத்ததுபோல் ஒரே பக்கம் ஒதுங்கினால் வேலை செய்யாது. அவர்கள் யாரிடம் ஒதுங்குவார்கள் என்பது தொகுதிக்குத் தொகுதி மாறும். நாட்டளவிலான எண்ணில் அது தெரியாது.

தலைவரின் முகத்தை வைத்து எழுதுவது

2010 ஏப்ரல் 15, முதல் தொலைக்காட்சி விவாதம். லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் ஒரே இரவில் நாயகன் ஆனார். மூன்று வாரத்தில் தேர்தல்: கட்சிக்கு ஒரு புள்ளி வாக்கு கூடியது, ஐந்து இடம் குறைந்தது.

ஆட்சியில் பங்கு கிடைத்தால் வளர்ச்சி என்று நினைப்பது

அந்த 2010 தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால், 57 இடம் வைத்திருந்த லிபரல் டெமாக்ரட் கட்சி கன்சர்வேட்டிவ் தலைவர் டேவிட் கேமரனோடு சேர்ந்து ஆட்சி அமைத்தது. கிளெக் துணைப் பிரதமர். மூன்றாவது கட்சியின் பொற்காலம் தொடங்கிவிட்டது என்று அப்போது எழுதாதவர் குறைவு.

பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று கையெழுத்துப் போட்டு வாக்கு கேட்டவர்கள் அவர்கள். அதே டிசம்பரில் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தும் தீர்மானம் வந்தபோது கட்சி இரண்டாக உடைந்தது. 21 எம்.பி.க்கள் எதிர்த்து வாக்களித்தார்கள், அமைச்சர்கள் ஆதரித்தார்கள். பல்கலைக்கழக நகரங்களில் அந்தக் கையெழுத்துப் படங்கள் வருடக்கணக்கில் சுற்றின. கதவைத் திறக்கும் மாணவர்கள் கோபப்படக்கூட மாட்டார்கள், சிரித்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். கோபம் எவ்வளவோ மேல்.

2015இல் 57 எட்டானது. இதில் பலரும் கவனிக்காத விவரம்: இழந்த 49 இடங்களில் 27ஐ எடுத்துக்கொண்டது ஐந்து வருடம் கூடவே ஆட்சியில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சிதான். பெரிய கட்சியோடு சேரும் சின்னக் கட்சிக்கு, நல்லதுக்கெல்லாம் பெயர் பெரியவருக்கும் கெட்டதுக்கெல்லாம் பெயர் தனக்கும் என்று ஆகிவிடுகிறது. "தொங்கு நாடாளுமன்றம் வந்தால் அவர்கள் கையில் சாவி" என்று எழுதும்போது இந்த 27ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் முறையையே மாற்றிவிடுவார்கள் என்பது

தேர்தல் முறையை மாற்றலாமா என்று 2011 மே 5 அன்று வாக்கெடுப்பு நடந்தது: வாக்களித்தவர்களில் 68 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

தமிழ்நாட்டுக் கூட்டணிக் கணக்கை இங்கே போடுவது

தமிழ்நாட்டு நண்பர்களின் தவறு இது. "பசுமைக் கட்சியும் லிபரல் டெமாக்ரட்டும் சேர்ந்தால் இத்தனை சதவீதம்" என்று இரண்டையும் கூட்டி எழுதுகிறார்கள். தேர்தலுக்கு முன் தொகுதிப் பங்கீடு செய்து, ஒருவர் நிற்கும் இடத்தில் மற்றவர் ஒதுங்குவது இங்கே அபூர்வம். பெரும்பாலும் எல்லாக் கட்சிகளும் எல்லா இடத்திலும் நிற்கும். கூட்டணி என்பது எண்ணி முடித்த பிறகு வரும் பேச்சு. 2019இல் பிரெக்ஸிட் கட்சி கன்சர்வேட்டிவ் வசம் இருந்த 317 தொகுதிகளில் நிற்காமல் ஒதுங்கியது. அது பேரம் பேசி வாங்கிய பங்கீடு அல்ல, ஒருதலை விலகல். அதனால் பலன் அடைந்தவர் கன்சர்வேட்டிவ் தலைவர் போரிஸ் ஜான்சன்.

பசுமைக்குப் போடும் ஒருவர், அந்தக் கட்சி இல்லையென்றால் அடுத்து லிபரலுக்குத்தான் போடுவார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் நிறைய.

"லேபரும் ஒரு காலத்தில் மூன்றாவது கட்சிதானே"

ஆமாம், இருந்தது. ஆனால் எப்படி எழுந்தது என்று சொல்லாமல் அந்த ஒரு வரியை மட்டும் எழுதுகிறார்கள். 1900இல் 2 எம்.பி.க்கள். 1903இல் லிபரல் தலைமை கொறடா ஹெர்பர்ட் கிளாட்ஸ்டனும் லேபரின் ராம்சே மெக்டொனால்டும் ரகசியமாக ஓர் உடன்பாடு செய்தார்கள்: குறிப்பிட்ட தொகுதிகளில் ஒருவரை எதிர்த்து மற்றவர் நிற்பதில்லை. 1906இல் லேபருக்கு 29 இடம் வந்தது அதனால்தான். தன்னை விழுங்கப்போகும் கட்சிக்கு லிபரல்களே ஏணி போட்டுக் கொடுத்தார்கள்.

அதோடு முடியவில்லை. தொழிற்சங்கங்களின் சந்தாப் பணமும் ஆட்களும் இருந்தார்கள். 1916இல் லிபரல் தலைவர்கள் அஸ்க்வித், லாயிட் ஜார்ஜ் சண்டையில் லிபரல் கட்சி பிளந்தது. 1918இல் வாக்குரிமை விரிந்து, வாக்காளர் எண்ணிக்கை சுமார் 77 லட்சத்திலிருந்து இரண்டு கோடியைத் தாண்டியது. பழைய கட்சிக்கு ஒருபோதும் வாக்களித்துப் பழகாத லட்சக்கணக்கானவர்கள் புதிதாக வந்தார்கள். 1922இல் 142 இடம், 1924 ஜனவரியில் முதல் லேபர் அரசு. 24 வருடம் ஆயிற்று. இன்றைய மூன்றாவது கட்சி எதற்காவது இந்தக் கதையைப் பொருத்த வேண்டுமென்றால், எந்தப் பெரிய கட்சி பிளக்கிறது, யார் அதன் அடித்தள அமைப்பாக இருக்கப்போகிறார்கள் என்று எழுதுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லாத கட்டுரையில் 1924ஐக் கொண்டுவர வேண்டாம்.

2019இல் 11 எம்.பி.க்கள் லேபரையும் கன்சர்வேட்டிவையும் விட்டு வெளியேறி ஒரு கட்சி தொடங்கினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் கட்சியே இல்லை. மேலே பிளவு இருந்தது, கீழே ஒன்றுமில்லை.

வட அயர்லாந்து

18 இடம். தனிக் கட்சிகள், தனிக் கணக்கு. சதவீதத்தை இடமாக்கிக் கணக்கிடும்போது இவற்றைச் சேர்க்காதீர்கள்.

உள்ளாட்சி மன்றத்தை வெற்றிப் பட்டியலாக மட்டும் பார்ப்பது

இது நுணுக்கமானது, பலரும் தவறவிடுவது. மூன்றாவது கட்சிக்கு உள்ளாட்சி மன்றம் இரண்டு விதத்தில் வேலை செய்யும். ஈஸ்ட்லீ நல்ல உதாரணம். அந்த ஊர் மன்றத்தை லிபரல் டெமாக்ரட் 1994இலிருந்து கையில் வைத்திருக்கிறது. 2013இல் அந்தத் தொகுதியின் எம்.பி., முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹூன், நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். கட்சியின் பெயர் கூட்டணி ஆட்சியால் நாடு முழுக்க நாறிக் கிடந்த நேரம். அப்படியும் இடைத்தேர்தலில் தொகுதியைக் காப்பாற்றினார்கள். குப்பை எடுப்பது, தெருவிளக்கு என்று ஒவ்வொரு வட்டத்திலும் கவுன்சிலரைப் பெயர் சொல்லி அழைக்கும் மக்கள் இருந்தார்கள். 2015 வெள்ளம் அதையும் அடித்துக்கொண்டு போனது, 2024இல் திரும்பி வந்தது.

மறுபக்கம், மன்றத்தைப் பிடித்ததும் அதன் செலவுக் கணக்கும் சேர்ந்தே வரும். 2025இல் ரிஃபார்ம் யூகே பிடித்த கென்ட், லங்காஷயர் போன்ற கவுண்டி (மாவட்ட) மன்றங்களில் பணத்தின் பெரும்பகுதி முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்கும் சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் போகிறது. அவை சட்டப்படி செய்தே ஆக வேண்டியவை, வெட்டுவதற்கு அதிக இடமில்லை. வீணடிப்பை ஒழிப்போம் என்று வந்தவர்கள் கவுன்சில் வரியை ஏற்றுகிறார்களா, நூலகத்தை மூடுகிறார்களா, அல்லது உண்மையிலேயே சமாளிக்கிறார்களா என்று பாருங்கள். கவுன்சிலர்களில் எத்தனை பேர் முதல் வருடத்திலேயே விலகுகிறார்கள், காலியான வட்டத்தில் நடக்கும் இடைத்தேர்தலில் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். அந்த இடைத்தேர்தல்கள் பெரும்பாலும் வியாழக்கிழமைகளில் நடக்கும். முடிவு நள்ளிரவுக்கு மேல் வரும், தமிழில் யாரும் எழுதுவதில்லை. வெள்ளிக்கிழமை காலை நான் முதலில் திறப்பது அந்தப் பட்டியலைத்தான்.